மெதுவான ஸ்பானிஷ் பாட்டும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஸ்பானிஷ் பாட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். முழுக்க 'டெஸ்பசீட்டோ'வும் ஆட்டமும்தான். 2017இல் அந்தப் பாட்டு ஓடாத இடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மொழிப் பாட்டு என்றாலே குதிப்பதுதான் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க போனில் பாட்டு ஓடும். எங்கள் தொழிலில் இதில் ஒரு சங்கடம் உண்டு: குத்துப்பாட்டு போட்டால் கால் தானாக வேகமெடுத்துத் தையல் கோணிவிடும், வரி நன்றாக இருக்கிற பாட்டைப் போட்டால் மனசு அதன் பின்னால் போய்க் கத்தரி தப்பிவிடும். இரண்டு வருஷம் முன்பு தீபாவளி நெருக்கத்தில் ஒரு ராத்திரி, நான் போட்டதெல்லாம் முடிந்து போன் தன் இஷ்டத்துக்கு எதையோ ஓடவிட்டது. இரண்டு கிட்டார், ஒரு பெண் குரல், பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி அடக்கிப் பாடுகிறது. ஒரு வார்த்தை புரியவில்லை. நிறுத்தவும் மனசு வரவில்லை. அன்றைக்கு நாலு ஜாக்கெட் கூடுதலாகத் தைத்தேன்.

பாடியவர் நத்தாலியா லாஃபூர்காட், மெக்சிகோக்காரர். பாப், ராக் என்று தொடங்கியவர், 2017இல் 'மூசாஸ்' என்ற தொகுப்பில் இரண்டு மூத்த கிட்டார்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பழைய பாட்டும் சொந்தப் பாட்டுமாகப் பாடியிருக்கிறார். அவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 'போலேரோ' என்கிற மெதுவான காதல் பாட்டு வகை வருகிறது. 1944இல் நியூயார்க்கில் சேர்ந்த லோஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழுவைக் கேளுங்கள். ரெக்கிந்தோ என்று ஒரு சின்னக் கிட்டார், மற்றதைவிடச் சுருதி கூடியது, குரல் நிற்கிற இடத்தில் மட்டும் உள்ளே வந்து நாலு ஸ்வரம் பேசிவிட்டுப் போகும். 1964இல் எய்டி கோர்மே என்ற அமெரிக்கப் பாடகி அவர்களோடு சேர்ந்து ஒரு தொகுப்பே பாடினார். எனக்கு இன்றுவரை அதுதான் காஜா எடுக்கிற நேரத்துப் பாட்டு.

இதில் எனக்குத் தனியாக ஒரு பெருமையும் உண்டு. 1883 வாக்கில் கியூபாவின் சாந்தியாகோ நகரத்தில் முதல் போலேரோவைப் போட்டவர் என்று சொல்லப்படுகிற பெப்பே சாஞ்செஸ் தொழிலால் தையல்காரர். இசை முறையாகப் படித்தவரில்லை, பாட்டையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருந்தார், எழுதிவைக்கவில்லை, அதனால் பெரும்பாலானது அவரோடு போய்விட்டது. (நானும் அளவுகளை மனசிலேயே வைத்துக்கொள்கிறவன்தான். இதைப் படித்த பிறகு நோட்டு வாங்கிவிட்டேன்.) அப்படிக் கிளம்பிய பாட்டைத்தான் 2023 டிசம்பரில் கியூபா, மெக்சிகோ இரண்டு நாட்டுக்கும் சேர்த்து யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றியது. உங்கள் பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாடகர் பெயர்களை இங்கிலீஷ் வழியாகவே எழுதுகிறீர்கள். 'ஜோஸ்' இல்லை ஐயா, 'ஹோசே'. 'மன்யானா' என்று போட்டிருந்தீர்கள். அதில் வருகிற, n-க்கு மேல் ஒரு வளைவு போட்ட ஸ்பானிஷ் எழுத்தின் (ñ) ஒலி நம்முடைய 'ஞ' தான், 'மஞானா' என்றால் தீர்ந்தது. இங்கிலீஷ்காரனிடம் அதற்குத் தனி எழுத்து இல்லை, நம்மிடம் இருக்கிறது, அப்புறம் எதற்கு இரவல்? கடையில் தப்பாக எழுதிய பெயரை வைத்துப் போனில் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

போலேரோவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாலைந்து பாட்டின் பெயரைச் சரியான ஒலியில் போட்டு, பக்கத்தில் வரிகளின் அர்த்தத்தைத் தமிழில் கொடுத்தால் போதும், இத்தனை நாள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் போட்டுவிடுங்கள், அப்புறம் எனக்குப் பேப்பர் படிக்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
தையல்கடை வாசகர்,
கும்பகோணம்.