வெறும் பாத்திரமாகத் தர மாட்டேன்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதை உங்களுக்குத் தெரியும். இப்போது கைத்தடியோடு கோப்பிக்கடை வரை போய் வருகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக்குக்கு. விடிந்ததும் என் வீட்டில் ஒலி 96.8 பாட ஆரம்பித்துவிடும். அன்று சத்தமே இல்லையென்று கதவைத் தட்டிப் பார்த்து, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தவர் அவர்தான். வானொலியைச் சத்தமாக வைக்கிறேன் என்று குறை சொன்னவர்கள் கவனிக்கவும்!

ரஜூலா கப்பலில் நான் இங்கே வந்து இறங்கியபோது என் கணவருக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. குவார்ட்டர்ஸில் ஒருத்திக்குப் பிரசவம் என்றால் நாலு வீட்டில் உலை கொதிக்கும். 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிய பிறகு அந்தக் கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குப் போய்விட்டோம். இனி அப்படி யார் பார்ப்பார்கள் என்றுதான் இருந்தேன்.

மூத்தோர் நிலையத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணைச் சொல்லியாக வேண்டும். பொதுவாக வருகிறவர்கள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று பெர்த்தில் இருக்கும் என் மகனிடம் போனில் கேட்பார்கள். இந்தப் பிள்ளை என்னிடமே கேட்டது: "பாட்டி, எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுவீங்க?" இடது கை என்றேன். உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டது. கைப்பிடி சரியாக அங்கேதான் வந்தது. முதியோர் வீடுகளில் கைப்பிடி போன்றவற்றைப் பொருத்தித் தரும் அரசாங்கத்தின் ஈஸ் திட்டத்துக்கு மனு போட்டதும் அந்தப் பிள்ளையே. மூவறை வீடு என்பதால் செலவில் 95 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மாத்திரைப் பைகளில் 'காலை', 'சாப்பிட்ட பின்' என்று தமிழில் எழுதியும் கொடுத்தது.

ஒன்பதாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்நாட்டுத் தம்பதிக்கும் நன்றி. இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை, நேரங்காலம் கிடையாது. அப்படியும் ரசம் தவறாமல் வந்தது. உப்புதான் கொஞ்சம் தூக்கல், தங்கச்சி! கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. மத்தியானம் வந்து என்னோடு டிவியில் வசந்தம் தமிழ் ஒளிவழி பார்த்துவிட்டுப் போவார். கதை அவருக்குத்தான் முதலில் புரியும்.

அப்புறம், உங்கள் டப்பாக்களும் தூக்குச்சட்டிகளும் என் அடுப்படியில் குவிந்து கிடக்கின்றன. எது யாருடையதென்று தெரியவில்லை. சனிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு வடை சுடுகிறேன். மக்சிக்குக்குத் தனியாகக் காரம் கூட்டி.

அன்புடன்,
நான்காம் மாடிப் பாட்டி