தொடர்பியல் மாணவர்களுக்கு முழுப் பருவக் களப்பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1990-இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பாளையங்கோட்டையிலும் தொடர்பியல் படிக்க நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கேமராவும் எடிட்டிங்கும் கைவந்த மாணவர் பலர், பத்தமடைப் பாய் நெசவாளர் ஒருவரிடம் கோரையின் விலை, ஊறவைக்கும் நாள், கூலி ஆகியவற்றைக் கேட்டறிந்து பத்து வரியில் பிழையின்றி எழுதித் தரத் தயங்குவதை, அவ்வப்போது வகுப்பெடுக்கச் செல்லும் நான் வருத்தத்துடன் கவனிக்கிறேன். ஊடகமோ, மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவோ, எங்கே வேலைக்குப் போனாலும் இந்தத் திறன்தான் கைகொடுக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே உணவு கிடைக்கும் என்ற உறுதியான செய்திக்காக மக்கள் தவித்தது நினைவிருக்கும். விசாரித்து, சரிபார்த்து, எளிய தமிழில் சொல்லத் தெரிந்தவர்களின் அருமை அப்போதுதான் புரிந்தது.

எனவே, இறுதியாண்டில் ஒரு பருவம் முழுவதையும் நாளிதழ் அலுவலகம், திருநெல்வேலி வானொலி நிலையம், மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் ஆகியவற்றில் களப்பயிற்சியாக்கி, அதற்கு உரிய மதிப்பெண்ணும் வழங்க வேண்டும். சான்றிதழுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு வருவது பயிற்சியாகாது. தங்கள் நாளிதழும் நெல்லைப் பதிப்பில் மாணவர் எழுதும் செய்திகளுக்கு வாரந்தோறும் அரைப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை.