டிராக்டரை நைலான் கயிறு தாங்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் தஞ்சாவூர்–திருவாரூர் சாலையில் டிராக்டர்களை லாரியில் ஏற்றிப் போவதைப் பார்க்கலாம். ஏறக்குறைய 2 டன் எடையுள்ள வண்டியை ஒற்றை நைலான் கயிற்றால் கட்டி, சக்கரத்துக்குச் செங்கல்லை அண்டக்கொடுத்து அனுப்புகிறார்கள். பின்னால் பைக்கில் வருபவருக்கு வயிறு கலங்குகிறது. ஹேண்ட் பிரேக் போட்டாச்சே என்பார்கள். டயருக்குள் இருப்பது காற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி எம்பும், கட்டு தளரும். நான்கு மூலையிலும் இரும்புச் சங்கிலியை அச்சிலோ அடிச்சட்டமான சேசிஸிலோ மாட்டி இறுக்க வேண்டும். ஸ்டியரிங்கிலோ மட்கார்டிலோ கட்டவே கூடாது. கலப்பையையும் லாரித் தளத்தில் படியும்படி இறக்கிவிட வேண்டும். அப்புறம் நாலைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, சங்கிலியை இழுத்துப் பாருங்கள். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் அறுவடைக் காலத்திலாவது இதைச் சோதிக்க வேண்டும்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி