கல்லை நகர்த்தும் முன் அதன் அடியைப் பாருங்கள்

கடலோரக் கோயில்களை அகழும் தொல்லியல் அறிஞர்களுக்கு,

வணக்கம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையை மூடியிருந்த மணலை வாரிக்கொண்டு போனது. கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவை காட்டிய வழியில் 2005இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும் அதனடியில் இன்னும் பழைய செங்கல் முருகன் கோயிலும் கிடைத்தன. செங்கல் கோயில் சங்க காலத்தது, கடல் சீற்றத்தில் அழிந்தது என்றார்கள் அகழ்ந்தவர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கதையின் கவர்ச்சியில் மண்ணைப் படிக்கும் பொறுமை குறைந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

சுனாமி வந்தது என்று சொல்ல, மணலில் சிப்பி இருந்தால் மட்டும் போதாது. புயலும் சிப்பியைக் கரையேற்றும். காற்று குவித்த மணல் நுண்ணியது, ஒரே பருமன் கொண்டது. பேரலை கொட்டிய மணலோ கீழடுக்கை அரித்துக்கொண்டு படிந்திருக்கும். பெரும்பாலும் அடியில் பருமணல், மேலே போகப் போக நுண்மணல். ஆழ்கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளும் அதில் இருந்தால் சான்று வலுக்கும்.

சிதறிய கற்கள் இதைவிட நுட்பமான சாட்சிகள். சரிந்த தூண் நேரே தளத்தின்மேல் கிடந்து மணல் அதை மூடியிருந்தால், மணல் வருமுன்போ வந்த வேளையிலோ தூண் விழுந்திருக்கிறது. தூணுக்கு அடியிலேயே ஒரு முழம் மணல் இருந்தால்? கோயில் மணலில் பாதி புதைந்து நின்று, பிறகே சரிந்திருக்கிறது. அங்கே அந்த மணலைக் கொட்டிய அலையை உடனே குற்றவாளியாக்க முடியாது. உளி வரிசையாகப் பிளந்த தடம் தெரிந்தால், கல்லைப் பெயர்த்தவன் மனிதனாக இருக்கலாம். எத்தனையோ பழங்கோயில்களின் கற்கள் வேறு சுவர்களில் போய் அமர்ந்திருக்கின்றன!

கல்லை ஓரமாக அடுக்கிவிட்டால் இந்தச் சாட்சியம் முழுவதும் போய்விடும். பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் மீட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கல்லும் கிடந்த இடம், சாய்ந்த திசை, அடியில் இருந்த மண் ஆகியவற்றைப் பதிந்த பின்னரே தூக்குங்கள். குழியின் ஒரு பக்க மண்சுவரையாவது வெட்டாமல் விட்டுவையுங்கள். நாளை வருபவர் உங்கள் முடிவை அந்தச் சுவரில் சரிபார்த்துக்கொள்ளட்டும். அறிக்கையில் சுனாமி என்று எழுதும்போது, புயல் அல்ல, மனிதக் கை அல்ல என்று எதை வைத்து விலக்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
பழங்கோயில்களை நேசிக்கும் ஒருவர்