கழற்ற மறந்த அட்டை

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தொட்டில் கம்பியில் தொங்கும் ஒரு சின்ன அட்டையைப் பற்றி எழுதுகிறேன்: 'வாய்வழி எதுவும் தரக்கூடாது'. மாட்டச் சொல்ல ஆள் உண்டு. கழற்றச் சொல்லத்தான் யாரும் இருப்பதில்லை.

மூளைக்காய்ச்சலோடு வந்த நான்கு மாதக் குழந்தை. மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் இரண்டு மணிக்கொரு முறை 40 மி.லி. தாய்ப்பால், நாளொன்றுக்கு 480. காலை 10 மணிக்கு மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் என்றார்கள். அதிகாலை 4 மணிப் பாலோடு டியூப் பாலையும் நிறுத்தி அட்டையை மாட்டினோம். (மயக்க மருந்துக்கு முன் தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேர இடைவெளி போதும். 6 மணிப் பாலையும் கொடுத்திருக்கலாம்.) ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போனது, பிறகு மறுநாளுக்கு. ஷிஃப்ட் மாறியது, அட்டை மாறவில்லை. நள்ளிரவில் கூட்டிப் பார்த்தேன்: அன்று முழுக்க 120 மி.லி. சார்ட்டில் 480 என்றே இருந்தது.

அன்று மதியம் அந்தத் தாய் எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கதவருகே வந்தாள். "சிஸ்டர், இதை என்ன செய்யட்டும்?" குளிர்பதனப் பெட்டியில் மருந்துக்கு மட்டும்தான் இடம். வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுப் போனாள். ஊற்றச் சொன்னது நான்தான்.

"டிரிப்தான் ஏறிக்கொண்டிருக்கிறதே" என்பார்கள். 5 சதவீத குளுக்கோஸ் 100 மி.லி.யில் 20 கலோரிகூடக் கிடையாது. புரதம் துளியும் இல்லை. அதே அளவு தாய்ப்பாலில் ஏறத்தாழ 65 கலோரி. புரதம் வராவிட்டால் நோயுற்ற உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். மூச்சு இழுக்கும் தசையும் அதில் சேர்த்தி.

தடை ஏதும் இல்லையென்றால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் குடல் வழி உணவை (வாயாலோ டியூபாலோ வயிற்றுக்குள் போவதை) தொடங்கச் சொல்கின்றன 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். தொடங்குவதில் நாமும் முன்பைவிடத் தேறிவிட்டோம். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்குவதில்தான் கோட்டை விடுகிறோம்.

அட்டையில் மாட்டிய நேரத்தோடு கழற்றும் நேரத்தையும் எழுத வையுங்கள். ஸ்கேன் தள்ளிப்போனால் மருத்துவரைத் தேடி அலையாமல் பாலைத் தொடங்கும் அனுமதியைப் பணியிலிருக்கும் செவிலியருக்கு எழுத்தில் கொடுங்கள். சார்ட்டில் 'எழுதியது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'உள்ளே போனது' என்று இன்னொரு கட்டம் வேண்டும். காலை ரவுண்ட்ஸில் சோடியம், பொட்டாசியம் வாசிக்கிற மூச்சிலேயே அதையும் வாசியுங்கள். இதற்கெல்லாம் டெண்டர் விட வேண்டியதில்லை.

கொஞ்சம் செலவு பிடிப்பது ஒன்றுதான்: திரை போட்ட ஒரு மூலை, ஒரு நாற்காலி, பாலுக்கென்று ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி. மும்பை சயான் மருத்துவமனை 1989-லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கிவிட்டது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மூடி போட்டு, பெயர் எழுதிய நாலு கிண்ணம் நிற்கும் அளவு இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருத்தி