கியர்பாக்ஸை இறக்கும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்யாணம், படைப்பு, கோயில் விசேஷம் என்று வருஷத்தில் நாலைந்து தடவை மட்டும் வெளியே வரும் பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வந்து சாவியைத் திருப்பினால் வண்டிக்கு இழுவை இருக்காது, கியர் மாறத் தயங்கும். "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஊர் திரும்பும் அவசரத்தில் இவர்களும் சரி என்றுவிடுவார்கள். கியர்பாக்ஸ் கோளாறு போலவே தெரியும் பிரேக் கோளாறுகள் உண்டு. அவற்றைப் பார்க்க ஒரு ஜாக்கியும் நாலு ஸ்பேனரும் அரை நாளும் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்ற வண்டியில் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் டிஸ்க்கைக் கவ்வும் காலிபரின் பின்னில் கிரீஸ் வற்றி இறுகும், பிஸ்டன் துருப்பிடிக்கும். (துருவை ஆராய்கிற மத்திய ஆய்வகமான சிக்ரி இருக்கும் காரைக்குடிதான் எங்கள் ஊர், ஆனால் நம் கொட்டகைத் துரு அதைக் கேட்டு வருவதில்லை.) இப்படி ஒரு சக்கரம் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாலும் ஆட்டோமேட்டிக் வண்டி நகரும், இன்ஜின் இழுவையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் அதை மறைத்துவிடும். ஓட்டுகிறவர் தெரியாமலே ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதிப்பார். மிதி கூடினால் கியர் மேலே ஏறத் தாமதமாகும், ஏறினாலும் உடனே இறங்கும். இன்ஜின் கத்தும், வண்டி போகாது. பார்ப்பவருக்கு அப்படியே கியர்பாக்ஸ் வழுக்குகிற 'சிலிப்' மாதிரி இருக்கும்.

எனவே திருமயம் சாலை மாதிரி சமமான ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கை மிதிக்காமல் ஓட்டி, கடைசியில் வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். எது மற்றவற்றைவிடக் கொதிக்கிறதோ அதுதான் பிடித்திருக்கிறது. அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்றவற்றுக்குக் கட்டை வைத்து, பிரேக் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேவிடும் சின்னத் திருகு) ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் தங்கியிருந்தது என்று பொருள். விடுபடாவிட்டால் பிஸ்டன், பின், ஹேண்ட் பிரேக் கேபிள் இவற்றில் ஒன்று. அழுத்தம்தான் காரணம் என்றால் நிப்பிளை மூடி, பிரேக்கை மிதித்துவிட்டு, ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே விடுபட்டால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் கோளாறு. அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. வெளியே புதிதுபோல் இருக்கும் ஹோஸ்கூட இப்படிச் செய்யும். எதைத் தளர்த்தினாலும் முடிவில் இறுக்கி, ஏர் எடுக்காமல் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல்) வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது.

அடுத்தது பிரேக் சுவிட்ச். டிரைவர் காலடி விரிப்பில் பிளாஸ்டிக் பொடியோ, ரப்பர் துணுக்கோ கிடந்தால் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். பிரேக் பெடல் தண்டில் சுவிட்ச்சை அழுத்தி நிற்கும் சின்ன ஸ்டாப்பர் அது. வெயிலில் வறண்டு உதிர்ந்ததும் சுவிட்ச் முனை அது இருந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும், பிரேக்கை மிதித்தே இருப்பதாக வண்டி நினைக்கும். பிரேக் விளக்கு அணையாது, பேட்டரி இறங்கும், டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (வேகத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும் கிளட்ச்) பிடிக்காது, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிற்கும், பெட்ரோல் குடிக்கும். அதைவிட ஆபத்து, பிரேக்கை மிதிக்காமலே லீவர் 'பி'யிலிருந்து (பார்க்கிங்) வந்துவிடும். மாற்ற வேண்டியது சில ரூபாய்த் துண்டு. இதற்கு நேர்மாறாக லீவர் 'பி'யை விட்டு வரவே மறுத்தால், முதலில் பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் ஃபியூஸும் சுவிட்ச்சும்தான் சந்தேகத்துக்குரியவை.

'டி' போடும்போது டக்கென்று அடித்தால் ஐடிலிங்கைப் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) பாருங்கள். சூடேறிய இன்ஜின் பெரும்பாலும் 700, 800 ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும். மிதிக்கு வலுக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தால் ஐடிலிங் ஏறும் அல்லது உதறும், பெடலும் கல்லாக இருக்கும். இன்ஜினை அணைத்து, பெடலை இறுகும் வரை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இன்ஜின் ஓடும்போது ஒரே சீராக மிதித்திருந்தும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது.

60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவதுபோல் உதறினால், இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். உதறல் அந்தக் கணமே நின்றால் லாக்-அப் கிளட்ச், அதாவது கியர் ஆயில் பக்கம். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க்.

இவ்வளவுக்குப் பிறகுதான் கியர் ஆயில். டிப்ஸ்டிக் உள்ள வண்டியென்றால் நன்றாக ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில், பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி 'பி'க்குத் திரும்பி, இன்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும். ஹோண்டாவில் மட்டும் இன்ஜினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் அளக்க வேண்டும். நூல் பிரியாத துணியால் துடையுங்கள், பனியன் துணியின் நூல் வால்வுக்கு விஷம். சிவப்பு நல்லது, கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கசிந்து கூலன்ட் கலந்துவிட்டது, வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள், இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். குறைந்திருந்தால் கால் லிட்டர் ஊற்றி மறுபடி அளங்கள். கூடினாலும் நுரைத்துக் கெடும். 'எல்லாம் ஒரே சிவப்பு ஆயில்தான்' என்பதை நம்பாதீர்கள். ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1, அந்தக்கால ஹூண்டாய்க்கு எஸ்பி-3, சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்கென்றே தனி ஆயில். வடித்து ஊற்றும்போது பாதி பழைய ஆயில் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும் என்பதால், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை வடிப்பது நல்லது.

ஒரே கியரில் சிக்கிக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கு சிமிட்டினால் பேட்டரியை அளங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், வெகுவாகக் குறைந்தால் கியர் மாற்றும் கன்ட்ரோலர் குழம்பும். கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அப்போதே. ஸ்கேனரில் பி0700 என்ற கோளாறு எண் மட்டும் வந்தால் அது அழைப்பு மணிதான், கூட வரும் இன்னொரு எண்தான் கோளாறைச் சொல்லும். 'என்'னிலிருந்து (நியூட்ரல்) 'டி' போட்டு, ஆக்சிலேட்டர் தொடாமலே, ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகியும் வண்டி பிடிக்கவில்லை, ஆயில் அளவும் சரி என்றால், அப்போது கியர்பாக்ஸ் பேச்சை எடுக்கலாம்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் வண்டியைக் கொட்டகையில் விடும்போது ஹேண்ட் பிரேக்கைத் தூக்க வேண்டாம். முன்னும் பின்னும் கட்டை வைத்து, அதன் மேல் வண்டியின் எடை உட்கார்ந்த பிறகு 'பி' போடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதில் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரமேறினால் 140. ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்றச் சொல்லி, தேதியை மூடியிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

— கார் மெக்கானிக்குகள் சிலர்,
காரைக்குடி