நூலக அட்டைக்கு ஒரு கையெழுத்து: எங்கள் பிரதேச சபைக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நூலகத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குறை சொல்ல வருவது நூலக அட்டைக்குப் பிணை கேட்கும் விதியை. அந்த விதியால் இந்த டவுனில் காசு பார்ப்பவன் நான்தான்.

சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். அட்டை இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் நூலக உதவியாளரிடம் கெஞ்சிக் கேட்டுப் புத்தகத்தை என் கடைக்குத் தூக்கி வருகிறார்கள். போன மாதம் பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று விஞ்ஞானப் புத்தகத்தில் 32 பக்கம் பிரதி எடுக்க வந்தது. பக்கம் 10 ரூபா. கையில் இருந்தது 200. கடை வாசலில் நின்று பக்கங்களை விரலால் எண்ணி எண்ணிக் கழித்தது. படம் போட்ட பக்கங்கள் வேண்டாம், அவற்றை நூலகத்திலேயே பென்சிலால் வரைந்துகொள்கிறேன் என்றது. மீதி 12 பக்கத்தையும் சும்மா அடித்துக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். அன்றைக்குக் கடையில் கூட்டம், தோன்றவில்லை. நாலரை பஸ் போன பிறகுதான் மனசு உறுத்தியது.

அந்தப் பிள்ளையின் தாய் கொழுந்தெடுக்கிறவர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதுவும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தால்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதிலிருந்து 320 ரூபாவை ஒரு பாடத்துக்கு எடுத்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

சரி, அட்டை எடுத்தால் என்ன? படிவத்தின் அடியில் பிணையாளர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கையெழுத்து வைப்பவர் சபை எல்லைக்குள் ஆதன வரி கட்டும் சொத்துக்காரராக இருக்க வேண்டும். டவுனில் கடை, வீடு உள்ளவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடம் போய்க் கேட்பது? 10க்கு 12 அடிக் காம்பராவில் நாலு தலைமுறை பிறந்து வளர்ந்தாலும் காம்பரா தோட்டத்துடையது. தொங்கல் காம்பராவிலிருந்து மறு தொங்கல் வரை நடந்து பார்த்தாலும் வரி கட்ட ஓரடி மண் உள்ளவர் ஒருத்தர் கிடைக்க மாட்டார். விலாசம் என்றாலும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான். கடிதம் தோட்டத்து ஒப்பீஸில் கிடந்து, யாராவது எடுத்து வந்தால் உண்டு. வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்கு வழி தெரிந்துவிடுகிறது. 2025 மே 6ஆம் திகதிக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் ஏறி இறங்கிய படிகள்தானே அவை?

என் அட்டைக்குக் கையெழுத்து வைத்தவர் ஒரு பலசரக்குக் கடை முதலாளி. அப்பாவுக்கு அவரிடம் கடன் கொப்பி இருந்தது. அரிசி, மாவோடு இதையும் கேட்டார். "புத்தகம் தொலைஞ்சா கொப்பியில ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி பேனாவை எடுத்தார். எதுவும் தொலையவில்லை. ஆனால் ஒரு ஜூன் மழையில் கூரைத் தகரம் ஒழுகி ஒரு புத்தகம் நனைந்துவிட்டது. அம்மா அதை அடுப்புக்கு மேலே கயிற்றில் கவிழ்த்துப் போட்டு, இரண்டு இரவு பக்கம் பக்கமாகப் பிரித்துக் காய வைத்தார். திருப்பிக் கொடுத்தபோது அப்போதிருந்த நூலகர் அதை முகர்ந்து பார்த்து, "கருவாடு சுட்டீங்களா?" என்று கேட்டார். அபராதம் போடவில்லை. அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறது. தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 என்ற எண் ஒட்டிய தட்டில், முதுகு வீங்கி, பக்கத்துப் புத்தகங்களை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னட்டையில் ஒட்டிய தாளில் கடைசி முத்திரை 2011.

இப்போது நானும் வரி கட்டுகிறேன். ஆகவே இரண்டு பிள்ளைகளுக்குப் பிணை நின்றேன். மூன்றாவது படிவம் திரும்பி வந்தது. ஒருவர் இரண்டு பேருக்குத்தான் நிற்கலாமாம்.

பிணை ஏன் கேட்கிறார்கள் என்று புரியாமல் எழுதவில்லை. புத்தகம் காணாமல் போனால் கணக்கெடுப்பில் நூலகர் தலையில்தான் விடியும். அவர் பயப்படுவது நியாயம். அதற்காக ஆதன வரிதான் நம்பிக்கைக்கு அளவுகோலா? பாடசாலை அதிபரின் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அது போதாது என்றால் கிராம உத்தியோகத்தரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் ஒரு தடவைக்கு ஒரு புத்தகம் என்று வையுங்கள். துணைவிதியைத் திருத்தி வர்த்தமானி வரைக்கும் போக வேண்டும் என்றால் போகட்டும், அதற்குத்தானே சபை?

தோட்டத்துக்குள் கை வைக்கச் சட்டம் விடாது என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்து ரோட்டுக்கு ஒரு லோட் கல் போடக்கூட மறுத்தார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. நூலகப் படிவம் மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று பேனர் கட்டுகிறீர்கள். நல்லதுதான், பேனருக்கு நான் எதிரி இல்லை. போன தடவை பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தது தோட்டப் பாடசாலைப் பிள்ளை. மேடையில் ஒரு புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு அதே கட்டடத்தில் அட்டை இல்லை.

அப்புறம் ஞாயிறு. தோட்டம் லீவு, டவுனில் கால் வைக்க இடமில்லை. சந்தைக்கு வந்த தாய்மார் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், பிள்ளைகள் பக்கத்தில் சும்மா நிற்கிறார்கள். நூலகத்தில் பூட்டுத் தொங்குகிறது. ஞாயிறு திறந்து திங்கள் மூடுங்கள். ஊழியர்களுக்கு ஒருநாள் ஓய்வு எப்படியும் கிடைக்கும்.

அந்த பத்தாம் தரத்துப் பிள்ளை நிரப்பிய படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிணையாளர் இடம் காலியாக இருக்கிறது. பெயரையும் தோட்டத்தையும் மறைத்துவிட்டேன், அசல் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பிரதி எடுத்த காசு வேண்டாம்.

இப்படிக்கு,
நூலகத்துக்கு எதிர்க் கடைக்காரன்